சேம அச்சு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)





பத்தாண்டு நிறைவில் பேச வருபவர் வட்டத்தின் வளர்ச்சியைப் பேசுவதே மரபு. நடந்த கூட்டங்களும் வெளிவந்த நூல்களும் செயலாளரின் அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. அவற்றை நான் மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது ஒரு பயணத்தைப் பற்றி. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் நம்மில் ஆறு குடும்பங்கள், ஆறு வண்டிகளின் பின்னே ஆறு கேரவன்களை இழுத்துக்கொண்டு, அடிலெய்டிலிருந்து பேர்ட்ஸ்வில் குதிரைப் பந்தயத்துக்குச் சென்றோம். அதே வழியில் மறுமுறையும் போக வேண்டுமெனச் சென்ற மாதக் கூட்டத்தில் தீர்மானித்தீர்கள். திட்டம் வகுக்கும் பொறுப்பை மீண்டும் எனக்கே தந்தீர்கள். அதை ஏற்கும் முன் இந்த அவையில் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உரையின் முடிவில் அதைச் சொல்வேன்.

வழிகாட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், இனிப் போக வேண்டியவனை எதிர்ப்பட்டு, வழி சொல்லி அனுப்புகிறான். அவற்றுள் மலைபடுகடாத்தை நான் பயணத் திட்டமாகவே படிப்பதுண்டு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும், பாம்பு எங்கே, வழுக்கும் பாறை எங்கே, எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் பெருங்கௌசிகனார் ஒன்றொன்றாக அடுக்குகிறார். நன்னனின் புகழைப் பாட வந்த புலவர், அவனிடம் போய்ச் சேரும் வழியின் இடர்களுக்கு இத்தனை அடிகளைத் தந்திருப்பது சிறிய செய்தியன்று. போகுமிடத்தின் பெருமையைச் சொல்வதோடு வழியின் இடரையும் மறைக்காமல் சொல்பவனே வழிகாட்டி.

முதலில் போகுமிடத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், டயமன்டினா ஆற்றங்கரையில், சிம்ப்சன் பாலைவனத்தின் விளிம்பில் இருப்பது பேர்ட்ஸ்வில். நூற்றுக்குச் சற்று மேற்பட்டோர் வாழும் சிற்றூர். அங்கே 1882-இல் முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. இன்றும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வெள்ளியும் சனியும் அவ்வூர் ஆயிரக்கணக்கானோரால் நிரம்புகிறது. பந்தயத்தில் திரளும் நன்கொடை பறக்கும் மருத்துவர் சேவைக்குச் செல்கிறது. 1928-இல் ஜான் ஃபிளின் என்னும் சமயத் தொண்டரின் முயற்சியால் தொடங்கி, மருத்துவரில்லாப் பெருவெளியில் விமானம் வழியே உயிர் காத்துவரும் சேவை அது. ஆகவே அந்த விழாவில் ஆட்டமும் பாட்டமும் இருந்தாலும் அதனடியில் ஓர் அறம் இருக்கிறது. தொலைவில் இருப்பவரை மறவாதிருத்தல் என்பதே அந்த அறம்.

இனி வழியைச் சொல்கிறேன். அடிலெய்டிலிருந்து பேர்ட்ஸ்வில் சுமார் 1,200 கிலோமீட்டர். அதில் மரீ என்னும் ஊரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரையுள்ள 517 கிலோமீட்டரே புகழ்பெற்ற பேர்ட்ஸ்வில் தடம். ஒருபுறம் சிம்ப்சன் பாலையின் மணல், மறுபுறம் ஸ்டர்ட் பாலையின் கூழாங்கல். ஒரு காலத்தில் மாட்டு மந்தைகள் தெற்கே நடந்த வழி அது. மரீயில் இன்றும் ஈச்ச மரங்கள் நிற்கின்றன. ஆப்கானியர் என்னும் ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர் பலர் அங்கே வாழ்ந்தனர். அவர்களில் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தானப் பகுதிகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. கம்பளியையும் மாவையும் ஒட்டகத்தில் ஏற்றி இந்நாட்டின் உட்புறத்தை வாழவைத்தவர்கள் அவர்கள். பின்னர் 1936 முதல் சுமார் இருபது ஆண்டுகள் டாம் குரூஸ் என்பவர் லாரியில் அஞ்சல் கொண்டு சென்றார். நம் பிள்ளைகள் அறிந்த திரை நடிகர் அல்லர் இவர். மணலில் சக்கரம் புதைந்தால் இரும்புத் தகட்டை விரித்து, ஓரடி ஓரடியாக நகர்த்தி, வழியிலுள்ள பண்ணை வீடுகளுக்குக் கடிதம் சேர்த்தவர். 1954-இல் ஜான் ஹேயர் எடுத்த ஆவணப்படம் அவரை உலகறியச் செய்தது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே அந்த நிலம் வங்கங்குரு மக்களுக்கும் அவர்களின் அயல்மக்களுக்கும் தாய்நிலம். சிம்ப்சன் பாலையின் மணல்மேடுகளுக்கு இடையே, மிகிரி எனப்பட்ட ஆழ்ந்த ஊற்றுக்கிணறுகளை நம்பி அவர்கள் வாழ்ந்தனர். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே வழி தவறினால் உயிர் மிஞ்சாது. அந்த வழிகளையும் இடங்களையும் பற்றிய அறிவைப் பாடலிலும் கதையிலும் வைத்துக் காத்தனர். லூயிஸ் ஹெர்கஸ் என்னும் மொழியியல் அறிஞர் அம்மக்களின் முதியவர்களிடம் கேட்டு அவற்றைப் பதிவு செய்தார். கவிஞர்களே, ஆற்றுப்படை நம்முடையது மட்டுமன்று. பாட்டை மறந்தால் தண்ணீரை இழக்கும் மக்கள் இந்நாட்டிலும் இருந்தனர்.

சென்ற முறை திட்டம் வகுக்கக் கூடியபோது நம் வட்டத்தின் மூத்தவர், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர், நாம் எல்லோரும் ஐயா என அழைக்கும் பெரியவர், தம் கையால் ஒரு பட்டியல் எழுதி வந்தார். அதன் சாரத்தைச் சொல்கிறேன். மறுமுறை செல்வோருக்கு உதவும்.

ஆளொன்றுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் எனக் கணக்கிட்டு, அதை ஒரே தொட்டியில் வைக்காமல் பிரித்து வைக்க வேண்டும். ஒரு கல் தெறித்துத் தொட்டி ஓட்டையானால் எல்லாம் போய்விடும். வண்டிக்கும் கேரவனுக்கும் தனித்தனியே மாற்று டயர் வேண்டும். கல்தடத்தில் டயரின் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்ட வேண்டும். கேரவன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின்மேல் அமையும்படி சுமையை அடுக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால் கேரவன் பாம்புபோல் நெளியும். மரீயிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் மங்கரானி விடுதி, அதை விட்டால் பேர்ட்ஸ்வில் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் எரிபொருள் இல்லை. கேரவனை இழுக்கும் வண்டி வழக்கத்தைவிட மிகுதியாகக் குடிக்கும் என்பதை மறக்கலாகாது. கைப்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்றாவது வேண்டும். வண்டிக்கு வண்டி பேச யு.எச்.எஃப். வானொலி. அதில் 40-ஆம் அலைவரிசை நெடுஞ்சாலை லாரிகளுக்குரியது, 18-ஆம் அலைவரிசை கேரவன்காரர்களுக்குரியது, 5-உம் 35-உம் அவசரத்துக்கென ஒதுக்கப்பட்டவை, அவற்றில் அரட்டை கூடாது. அந்திக்குப் பின் ஓட்டலாகாது. கங்காருவும் வேலியற்ற மாடும் தடத்தில் நிற்கும்.

மழை பெய்து பாதை மூடப்பட்டால் மூடியதுதான். ஈரத் தடத்தில் அடாவடியாக ஒரு வண்டி போனால் அதன் பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும். நாம் வீடு திரும்பிய பின் பண்ணைக்காரர் அதில்தான் மாதக்கணக்கில் குலுங்க வேண்டும். 2010-இல் மழையால் பந்தயமே கைவிடப்பட்டது. ஆகவே போய்ச் சேராமல் திரும்பும் மனத்தையும் மூட்டையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஐயா எழுதியிருந்தார்.

தலையாய விதியாக அவர் எழுதியது, வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு அகலலாகாது என்பது. 1963 டிசம்பரில் அந்தத் தடத்தில் பேஜ் குடும்பத்தினர் ஐவர் தாகத்தால் மாண்டனர். வண்டி நின்றது, அவர்கள் நடந்தனர். வானிலிருந்து தேடுவோர் கண்ணுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான்.

பட்டியலின் இறுதியில் இரண்டு குறிப்புகள். ஒன்று, கேரவனுக்குப் பட்டை ஸ்பிரிங் ஒன்று உபரியாக வேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டிகளை எண்ண வேண்டும்.

முதற்குறிப்பின் அருகே ஐயா, ‘சேம அச்சு’ என்று எழுதியிருந்தார். புறநானூறு பயின்றோர் அறிவீர்கள். உப்பு வணிகரான உமணர் நெடுவழி போகையில், மேடும் பள்ளமும் யாரறிவார் என்று, வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்வர். அதுவே சேம அச்சு. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார் அவனுக்கு உவமையாக்கியது வாளையோ வேலையோ அன்று, வண்டியின் அடியில் கட்டிய அந்த அச்சைத்தான். ஓடும் அச்சு உடையும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

அந்தப் பட்டை ஸ்பிரிங்கை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். பாரம் கூடிவிட்டது என்று காரணம் சொன்னேன். அதன் இடத்தில் ஏற்றியது என்ன தெரியுமா? ஒலிபெருக்கியும் இரண்டு ஒலிவாங்கிகளும். பேர்ட்ஸ்வில்லில் வியாழன் இரவு நம் வட்டத்தின் கவியரங்கம் நடத்தத் திட்டமிட்டிருந்தோம் அல்லவா? பாலைவெளியில் தமிழ் ஒலிக்க வேண்டுமென்ற ஆர்வம். ஒலிக்க வேண்டும் என்று எண்ணினேனேயன்றி, போய்ச் சேர வேண்டும் என்று எண்ணவில்லை.

மங்கரானியில் இரவு தங்கி, வியாழன் காலையில் புறப்பட்டோம். முதல் வண்டி என்னுடையது. கடைசி வண்டி ஐயாவும் அம்மாவும் சென்றது. அதற்கு முன்னே ஐந்தாவதாக நம் இளங்கவிஞர் ஒருவர். பின்னால் வருவோரைக் கவனிப்பது அவர் பொறுப்பு. முன்வண்டியின் தூசி கண்ணை மறைப்பதால் ஒவ்வொருவரும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டனர். இடைவெளி வளர வளர வானொலியின் குரல் தேய்ந்தது. 120-ஆவது கிலோமீட்டரில் தேநீருக்கு நின்றோம். ஐந்து வண்டிகள் வந்தன. ஆறாவது வரவில்லை.

இளங்கவிஞர், “ஐயா வரட்டும், அல்லது திரும்பிப் பார்ப்போம்” என்றார். நான், “தூசிக்கு அஞ்சி மெல்ல வருவார். பேர்ட்ஸ்வில்லில் நல்ல இடம் பிடிக்க வேண்டும். புறப்படுங்கள்” என்றேன். இருபது நிமிடம் காத்தது போதுமென எண்ணினேன். இன்னும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன். அதன்பின் வானொலியில் அவர் குரல் கேட்டது. “நான் நிறுத்திவிட்டேன். ஐயா வராமல் இனி ஓரடி நகர மாட்டேன்.” எல்லோரும் கேட்கும் அலைவரிசையில், எல்லோர் முன்னிலையிலும், நான் அவரைக் கடிந்துகொண்டேன். தலைமைக்குக் கட்டுப்படத் தெரியாதவர் என்றேன். அச்சொல்லை இங்கே திரும்பச் சொல்லவே நாணுகிறேன்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. தம் கேரவனைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். நானும் என் கேரவனைக் கழற்றிவிட்டுப் பின்தொடர்ந்தேன். நூறு கிலோமீட்டர் பின்னால் ஐயாவின் கேரவன் ஒருபுறம் சாய்ந்து நின்றது. பட்டை ஸ்பிரிங் முறிந்திருந்தது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். விதியை எழுதியவர் அல்லவா? வண்டியை விட்டு அகலவில்லை. கேரவனின் நிழலில் நாற்காலி போட்டு, அம்மாவுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வழியே போன பண்ணைக்காரர் ஒருவர் நின்று, கேட்காமலே ஒரு குடுவைத் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த மனிதர் யாரென்று தெரியாது. அவர் எங்கள் தலைகளை எண்ணவும் கடமைப்பட்டவர் அல்லர்.

என்னைக் கண்டதும் ஐயா ஒன்றுதான் கேட்டார். “தம்பி, நீங்கள் வண்டியை எண்ணினீர்களா, கிலோமீட்டரை எண்ணினீர்களா?”

அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை வைத்துச் சங்கிலியால் கட்டி, நடைவேகத்துக்குச் சற்று மேலாக ஊர்ந்து, மங்கரானிக்கு மீண்டோம். ஸ்பிரிங் தெற்கேயிருந்து வர ஒருநாளுக்கு மேலாகும் என்று தெரிந்தது. அன்றிரவு ஐயா எங்களுக்கு ஒரு வரலாறு சொன்னார். முந்தைய நாள் நாங்கள் கடந்து வந்த அதே கூப்பர் ஓடையின் வரலாறு.

1860 ஆகஸ்ட் 20-இல் பர்க் என்பவர் தலைமையில் மெல்பர்னிலிருந்து ஓர் ஆய்வுக்குழு புறப்பட்டது. சுமார் இருபது டன் பொருள், ஒட்டகங்கள், மரமேசை முதலாக எல்லாம் இருந்தன. பர்க் விரைவு விரும்பி. வழியில் குழுவைப் பிரித்தார். கூப்பர் ஓடையில் மறுபடி பிரித்து, பிராஹே என்பவரின் பொறுப்பில் ஒரு பாசறையை நிறுத்திவிட்டு, மூவருடன் வடகடலை நோக்கி விரைந்தார். பிராஹே நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்தார். பின்பு உணவைப் புதைத்து, தோண்டுக என மரத்தில் செதுக்கிவிட்டு, 1861 ஏப்ரல் 21 காலையில் புறப்பட்டார். அதே நாள் மாலையில் பர்க்கும் வில்ஸும் கிங்கும் வந்து சேர்ந்தனர். நான்காமவரான கிரே வழியில் இறந்திருந்தார். அவரை அடக்கம் செய்ய ஒருநாள் நின்றிருந்தனர்.

“இதைத்தான் எல்லோரும் துயரம் என்று சொல்வார்கள்” என்றார் ஐயா. “எனக்குப் பெருந்துயரம் இதன்பின் நடந்தது.” பர்க் குழுவினர் புதைத்த உணவை எடுத்தனர். தாம் வந்து போனதைக் கடிதமாக எழுதி அதே குழியில் புதைத்தனர். ஆனால் மரத்தின்மேல் புதிதாக ஒரு குறியும் செதுக்கவில்லை. மே 8-இல் பிராஹே இன்னொருவரோடு திரும்பி வந்து பார்த்தார். மரத்தில் தாம் விட்ட குறியே இருந்தது. எவரும் வரவில்லை என்று எண்ணித் தோண்டாமலே போய்விட்டார். பர்க்கும் வில்ஸும் அந்த ஓடைக்கரையிலேயே இறந்தனர். கிங் ஒருவரே பிழைத்தார். அவருக்கு உணவூட்டிக் காத்தவர்கள் அந்நிலத்தின் யந்திரவந்தா மக்கள்.

ஐயா சொல்லி முடித்து, தம் கருத்தையும் சொன்னார். “நெடுவழியில் பிரிய நேரும். பிரிவது குற்றமன்று. பின்னால் வருபவன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு சொல் வைக்காமல் பிரிவதுதான் குற்றம்.”

நம் இலக்கணம் பாலையைப் பிரிவின் திணை என்றது. பொருள்வயிற் பிரிந்தவன் கார்காலத்தில் வருவேன் என்று காலம் குறித்துச் செல்கிறான். தலைவியின் துயரம் பெரிது, ஆயினும் அவள் கையில் ஒரு சொல் இருக்கிறது. அச்சொல்லைப் பற்றிக்கொண்டுதான் அவள் ஆற்றியிருக்கிறாள். அந்தச் சொல்லும் இல்லாத பிரிவுதான் கூப்பர் ஓடையில் நடந்தது.

மறுநாட்காலையில் ஐயாவின் கட்டளைப்படி நாங்களும் பிரிந்தோம். பிள்ளைகள் பந்தயம் காண ஏங்கினர். தடத்தில் நின்ற நால்வரும் பேர்ட்ஸ்வில் போகட்டும், நான் ஐயாவோடு தங்குவது என்று முடிவாயிற்று. எங்கே கூடாரம், எந்த நேரத்தில் தொலைபேசி, எதுவரை காத்திருப்பது என இரண்டு தாள்களில் ஒரே வாசகத்தை எழுதச் செய்து, ஆளுக்கொன்றாக ஐயா கொடுத்தார். இளங்கவிஞர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஒலிபெருக்கி கேரவனில் கிடந்தது. அன்றிரவு மங்கரானியில் மூவர் அவைக்கு ஐயா ஒலிவாங்கியின்றித் தம் கவிதையைப் படித்தார். அம்மா அதில் ஒரு பிழை திருத்தினார்.

சனிக்கிழமை விடியலில் புறப்பட்டு, பிற்பகலில் பேர்ட்ஸ்வில் சேர்ந்தோம். பந்தயத்தின் பெரும்பகுதி முடிந்திருந்தது. ஊர் எல்லையில், தாளில் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், அந்த இளைஞர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கையை உயர்த்தினார். நான் வண்டியை நிறுத்தவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் அவரைக் கடந்து போனேன்.

அடுத்த ஆண்டு, 2020-இல், நோய்த்தொற்றால் பந்தயம் நடைபெறவில்லை. நம் கூட்டங்களும் நின்று, பின்னர் தொடர்ந்தன. அந்த இளங்கவிஞர் வரவில்லை. வேலை மிகுதி என்றோம். வேறு ஊருக்குப் போயிருப்பார் என்றோம். அவராக வருவார் என்றோம். தூசிக்கு அஞ்சி மெல்ல வருவார் என்று நான் ஐயாவைப் பற்றிச் சொன்ன அதே சொல்லை வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று இந்த மேடையிலிருந்து எண்ணுகிறேன். வந்திருப்போர் பலர். அவர் இல்லை. நம் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது, நாம் அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றும் இல்லை. புதைத்து வைத்த வருத்தம் நமக்கும் இருக்கலாம், அவருக்கும் இருக்கலாம். மரத்தின்மேல் குறி இல்லையே!

உரையின் தொடக்கத்தில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்றேன். அது இதுதான். அன்று அந்த இளைஞர் செய்தது சரி. நான் செய்தது பிழை. அவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்தேன். ஆதலால் எல்லோர் முன்னிலையிலுமே மன்னிப்புக் கேட்கிறேன். இவ்வுரை மலரில் அச்சேறுமானால் அதன் முதற்படி என் கையெழுத்துக் கடிதத்தோடு அவருக்குப் போக வேண்டும்.

மறுபயணத்தின் பொறுப்பை மூன்று நிபந்தனைகளோடு ஏற்கிறேன். முதலாவது, பட்டை ஸ்பிரிங் வரும், ஒலிபெருக்கி வராது. இரண்டாவது, முன்வண்டி எனக்கு வேண்டாம். ஐயாவுக்கு இப்போது நெடுந்தொலைவு ஓட்ட இயலாது. அவரும் அம்மாவும் என் வண்டியில் வரட்டும். அவர்கள் சென்ற கடைசி இடத்தில் நான் வருகிறேன். மூன்றாவது, முன்வண்டியை அந்த இளங்கவிஞருக்கென வைத்திருங்கள். அவர் வருவாரா என்பது அவர் உரிமை. எதுவரை காத்திருப்போம் என்பதைக் கடிதத்தில் தெளிவாக எழுதுவோம்.

தனியே எழுதுகிறவனுக்கு வேகம் ஒரு குறையன்று. அவன் எங்கும் விரையலாம். வட்டம் என்று ஒன்றைக் கூட்டிய பின், அதன் வேகம் கடைசி வண்டியின் வேகம்தான். பத்தாண்டு ஓடிவிட்டோம். கிலோமீட்டர் போதும் அன்பர்களே, ஒருமுறை நின்று எண்ணிவிட்டுப் புறப்படுவோம்.